கிராண்ட் முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: பல்கலைக்கழக ஆய்வு ஊழியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்துக்கு வெளியே, சுங்கை டுவா பக்கம் மாலையில் ஏதாவது ஒரு மாமாக் கடையில் போய் உட்காருங்கள். லேப்பிலிருந்து நேராக வந்தவர்கள் ஒரு மேசையைப் பிடித்திருப்பார்கள். தே தாரிக் வருவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்: "உனக்கு எப்ப முடியுது?" சாப்பிட்டாயா என்று கேட்கிற இயல்பில் கான்ட்ராக்ட் முடியும் தேதியைக் கேட்கிற கூட்டம் அது.

அந்த மேசையில் நானும் ஒன்பது வருடம் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று கிராண்ட் (ஒரு திட்டத்துக்கான ஆய்வு நிதி), நான்கு நியமனக் கடிதம். இரண்டாவது கிராண்ட் முடிந்தபோது எனக்கு அடுத்த வேலை இல்லை. "பார்க்கலாம், புதுப்பிச்சிடலாம்" என்று மேலே இருந்தவர் சொல்லிக்கொண்டே இருந்தார், நானும் நம்பிக்கொண்டே இருந்தேன். புதுப்பிக்க முடியாது என்று தெரியவந்தது கடைசித் தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது. ஐந்து மாதம் வீட்டில் இருந்தேன். முடியும் தேதி முதல் நாளே என் கடிதத்தில் அச்சாகி இருந்தது. அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாணவருக்குச் சூப்பர்வைசர் உண்டு, பட்டமேற்படிப்பு அலுவலகம் உண்டு. விரிவுரையாளருக்குப் பதவி உயர்வுக் குழு உண்டு. நடுவில் இருக்கும் ஆர்.ஏ என்கிற ஆய்வு உதவியாளர், ஆராய்ச்சி அதிகாரி, முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஆய்வு செய்யும் போஸ்ட்டாக் ஆகியோர் யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் சட்டென்று வராது. பிரிட்டனில் இதற்கென்று ஓர் உடன்பாடு இருக்கிறது. 2008-இல் வந்து 2019-இல் திருத்தப்பட்ட அந்த உடன்பாடு, ஆய்வு ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 10 நாளைத் தன் தொழில் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும், அதற்கு வேலை கொடுப்பவர் இடம் தர வேண்டும் என்கிறது. என் நான்கு கடிதங்களில் எதிலும் அப்படி ஒரு வரி இல்லை. ஆனாலும் அந்த 10 நாள் நல்ல அளவுகோல். மாதத்துக்கு ஒரு நாளைவிடக் குறைவு. அதை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ள முடியும்.

முதல் படி: கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள்

முதலில் தெரிய வேண்டியது நீங்கள் ஊழியரா, உதவித்தொகை பெறும் மாணவரா என்பது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் ஒரே பிப்பெட்டைப் பிடித்து ஒரே வேலையைச் செய்யலாம், ஆனால் கணக்கு வேறு. ஊழியர் என்றால் ஊழியர் சேமநிதியில் உங்கள் பங்கு 11 விழுக்காடு. சம்பளம் 5,000 வெள்ளி வரை என்றால் வேலை கொடுப்பவர் 13 விழுக்காடும், அதற்கு மேல் என்றால் 12 விழுக்காடும் போட வேண்டும். பட்டமேற்படிப்பு ஆய்வு உதவியாளராக அலவன்ஸ் வாங்கினால் பெரும்பாலும் இது இருக்காது. எனவே முதல் சம்பளம் வந்த அடுத்த மாதமே சேமநிதிச் செயலியைத் திறந்து பாருங்கள். பணம் ஏறவில்லை என்றால் உடனே நிதிப் பிரிவில் கேளுங்கள். வேலையை விட்டுப் போகும்போது கேட்டால் கோப்பைத் தேடவே மாதங்கள் ஆகும்.

அடுத்து, உங்கள் சம்பளம் எந்த வோட்டிலிருந்து, அதாவது கிராண்டின் எந்தச் செலவுத் தலைப்பிலிருந்து வருகிறது என்று பாருங்கள். உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ் போன்ற கிராண்டுகளில் ஆள் சம்பளம் வோட் 11000, பயணம் 21000, ஆய்வுப் பொருள்கள் 27000, கட்டணங்களும் தொழில்முறைச் சேவைகளும் 29000. வோட் 11000-இல் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தால் உங்களுக்கு இன்னும் எத்தனை மாதச் சம்பளம் இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போடலாம். கிராண்ட் 36 மாதம் என்று தாளில் இருந்தாலும் சம்பளப் பணம் 28-ஆவது மாதமே தீர்ந்துவிடலாம். இதைப் பேராசிரியரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அவர் மறைப்பதில்லை, பல நேரம் அவரே பார்த்திருக்க மாட்டார்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் நடத்தும் வேலை இழப்புக் காப்புறுதி, குறித்த காலக் கான்ட்ராக்ட் தன் தேதியில் முடிவதை வேலை இழப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே "ஏதாவது கிடைக்கும்" என்று அதை நம்பி இருக்காதீர்கள். மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் சேர்ப்பதை இந்த முதல் படியிலேயே தொடங்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: நாட்காட்டியைத் தலைகீழாகப் போடுங்கள்

ஒரு தாளின் அடியில் முடியும் தேதியை எழுதுங்கள். அதற்கு மேலே, 3 மாதம் முன்பு: ஒப்படைப்பு வேலை தொடக்கம். 6 மாதம் முன்பு: விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 9 மாதம் முன்பு: பேராசிரியருடன் வெளிப்படையான பேச்சு. 12 மாதம் முன்பு: எந்தத் திசை என்று இரண்டு வழியாவது தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். வெளிநாட்டு ஃபெலோஷிப் நினைப்பவர்கள் இன்னும் முன்னால், 18 மாதத்தில் தொடங்குங்கள். விண்ணப்பம் போட்டு, முடிவு வந்து, விசா எடுத்து, போய்ச் சேர ஒரு வருடம் ஓடிவிடும். அதோடு ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ், ஜெர்மனியின் ஹம்போல்ட் போன்றவை முனைவர் பட்டம் வாங்கி எத்தனை ஆண்டு ஆனது என்று பார்ப்பவை. பட்டச் சான்றிதழில் உள்ள தேதியும் ஒரு கடிகாரம்தான்.

இந்தத் தாளை லேப் மேசையில் ஒட்ட வேண்டாம். வீட்டில், தினமும் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள்.

மூன்றாம் படி: பெயரை ஒழுங்குபடுத்துங்கள்

மற்ற வழிகாட்டிகளில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். நம்மவர்களுக்கு ஒரு வரி போதாது. அடையாள அட்டையில் நம் பெயர், பிறகு ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு அப்பா பெயர். ஆய்விதழ்களின் படிவமோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம்தான் வைத்திருக்கும். ஒரு கட்டுரையில் அப்பா பெயர் குடும்பப்பெயராகிவிடும். இன்னொன்றில் நம் பெயர் முன்னெழுத்தாகச் சுருங்கிவிடும். மூன்றாவதில் ஏ/எல் என்பதும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான ஸ்கோப்பஸில் தேடினால் ஒரே ஆள் மூன்று பேராக இருப்பார், ஒவ்வொருவர் கணக்கிலும் இரண்டு கட்டுரை. எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சியின் விண்ணப்பத்தைப் பார்த்த நேர்முகக் குழு, "நீங்கள் சொன்ன கட்டுரைகளில் பாதி எங்கள் தேடலில் வரவில்லையே" என்று கேட்டது. அவர் எழுதியவைதான், வேறொரு பெயர் வடிவத்தின் கீழ் கிடந்தன.

செய்ய வேண்டியது இதுதான். எந்த வடிவத்தில் எழுதுவது என்று இன்றே ஒன்றை முடிவு செய்து, அதிலிருந்து மாறாதீர்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஓர்கிட் என்ற 16 இலக்க எண் இலவசம். பதிவு செய்து, பழைய பெயர் வடிவங்களை எல்லாம் அதில் சேருங்கள். ஸ்கோப்பஸில் பிரிந்து கிடக்கும் கணக்குகளை ஒன்றாக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். இதற்கு நூலகத்தில் உதவி கிடைக்கும், நூலகர்கள் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள். ஓர்கிட்டில் உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கட்டாயம் சேருங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சல் மட்டும் இருந்தால், வேலை முடிந்ததும் அதோடு உங்கள் கணக்கின் சாவியும் போய்விடும்.

நான்காம் படி: நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்

ஆய்வு ஊழியரிடம் வேலையைப் பற்றிக் கேட்டால் "லேப் வேலைதான்" என்பார். வீட்டில் அம்மா கேட்டாலும் அதே பதில். ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பாருங்கள்: எந்தக் கருவியை ஓட்டினீர்கள், எத்தனை மாதிரி, எந்தத் தரவைச் சுத்தம் செய்தீர்கள், எந்த இளங்கலை மாணவருக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள், எந்த விற்பனையாளரிடம் மூன்று கொட்டேஷன் வாங்கினீர்கள், எந்த நெறிமுறைக் குழுப் படிவத்தை நிரப்பினீர்கள். வாங்கல் வேலை ஆய்வு இல்லை என்று ஒதுக்காதீர்கள். வெளியில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு.

கட்டுரைகளில் பங்களிப்பைப் பிரித்துச் சொல்ல கிரெடிட் என்ற 14 வகைப் பட்டியல் பல இதழ்களில் இருக்கிறது: கருத்தாக்கம், முறைமை, மென்பொருள், தரவுப் பராமரிப்பு, சரிபார்ப்பு, முதல் வரைவு என்று போகும். உங்கள் நோட்டை இந்த வகைகளில் போட்டுப் பாருங்கள். எந்த வகையில் நிறைய இருக்கிறது, எதில் ஒன்றுமே இல்லை என்பது தெரிந்தால் அடுத்த ஆறு மாதத்தில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் தெரியும். என் பட்டியலில் முதல் வரைவு எழுதியது என்ற வகை காலியாக இருந்தது. ஐந்து வருடம் தரவு கொடுத்தேன், ஒரு கட்டுரையின் முன்னுரைகூட எழுதவில்லை.

ஐந்தாம் படி: பேச வேண்டிய பேச்சைப் பேசுங்கள்

இதுதான் கஷ்டமான படி. பேராசிரியரும் தமிழராக இருந்தால் இன்னும் கஷ்டம். அவர் நமக்கு வேலை வாங்கித் தந்தவர், வீட்டுத் திருமணத்துக்கு வந்தவர், அப்பாவின் வயதுக்காரர். அவரிடம் போய் "எனக்கு அடுத்து என்ன?" என்று கேட்பது நன்றி கெட்ட செயலாகத் தோன்றும். அப்படியில்லை. அவரும் ஒரு காலத்தில் இதே கேள்வியோடு யாரோ ஒருவர் அறை வாசலில் நின்றவர்தான்.

வாராந்தரக் கூட்டத்தின் முடிவில், கதவருகே நின்று கேட்காதீர்கள். தனி நேரம் கேளுங்கள். முன்கூட்டியே இப்படி எழுதி அனுப்பலாம்: "டாக்டர், என் கான்ட்ராக்ட் அடுத்த ஆண்டு செப்டம்பரில் முடிகிறது. அதற்குள் முடிக்க வேண்டிய வேலைகளையும், அதற்குப் பிறகு எனக்கு உள்ள வழிகளையும் பற்றி உங்களிடம் அரை மணி நேரம் பேச விரும்புகிறேன். ஒரு பக்கக் குறிப்போடு வருகிறேன்." அந்த ஒரு பக்கத்தில் மூன்று கேள்வி போதும். சம்பள வோட்டில் எத்தனை மாதம் மிச்சம்? எந்தக் கட்டுரையில் என் பெயர் எந்த இடத்தில் வரும்? மாதம் ஒரு நாள் பயிற்சிக்கு ஒதுக்கலாமா?

கட்டுரைப் பெயர் வரிசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதிக மனக்கசப்பு வருவது அதில்தான். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. ஆய்வின் திட்டத்திலோ தரவைச் சேகரிப்பதிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது அறிவுசார்ந்து திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பு. நான்கும் இருந்தால்தான் ஆசிரியர், இல்லையென்றால் நன்றியுரையில் பெயர். எனவே தரவு மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள். "முறைமைப் பகுதியை நானே எழுதுகிறேன்" என்று கேட்டு வாங்குங்கள். பேசி முடித்த வரிசையை அன்றே மின்னஞ்சலில், "இன்று பேசியபடி" என்று தொடங்கி, பணிவாக எழுதி அனுப்புங்கள். ஆள் மாறினாலும் எழுத்து நிற்கும்.

ஆறாம் படி: தாளில் நிற்கும் தகுதிகளைச் சேருங்கள்

பயிற்சி என்றால் எந்தப் பட்டறை வந்தாலும் போய் உட்காருவது என்று நானும் நினைத்திருந்தேன். பங்கேற்புச் சான்றிதழ் பதினேழு சேர்ந்தது, அவற்றில் ஒன்றைக்கூட எந்த நேர்முகத்திலும் யாரும் கேட்கவில்லை. கேட்டவை வேறு.

மருத்துவ ஆய்வுப் பக்கம் இருப்பவர்களுக்கு முதலில் நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைச் சான்றிதழ், எல்லாரும் ஜி.சி.பி என்று சொல்வது. மருந்துச் சோதனையில் ஆய்வாளராக இருக்க இது வேண்டும். வேதியியல் படித்தவர்கள் மலேசிய வேதியியல் கழகத்தில் பதிவு செய்யுங்கள். 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது, சோதனைக்கூட வேலைக்கு அதை நேரடியாகக் கேட்பார்கள். பொறியியலாளருக்குப் பொறியியலாளர் வாரியம். உயிர்த்தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம், தகவல் தொழில்நுட்பம் போன்ற துறைக்காரர்களுக்கு 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தொழில்நுட்பவியலாளர் வாரியம், எம்.பி.ஓ.டி. பெயருக்கு முன்னால் டி.எஸ். என்று போட்டுக்கொள்வது இதன் வழிதான். கருவி ஓட்டுபவர்கள் ஐ.எஸ்.ஓ 17025 தரநிலையைக் கற்றுக்கொள்ளுங்கள். நம் நாட்டின் ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டமான எஸ்.ஏ.எம்.எம்மின் அங்கீகாரம் பெற்ற சோதனை, அளவுத்திருத்த ஆய்வுக்கூடங்கள் அந்தத் தரநிலையில்தான் இயங்குகின்றன.

கட்டணத்துக்கு வோட் 29000-இல் வழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆய்வுக்குத் தேவையான பயிற்சி என்று ஒரு பத்தி எழுதிக் கொடுத்தால் கையெழுத்து விழ வாய்ப்பு உண்டு. நூலகமும் பட்டமேற்படிப்பு அலுவலகமும் நடத்தும் இலவச வகுப்புகளுக்கு "மாணவர்களுக்கு" என்று போட்டிருந்தாலும் நேரில் போய்க் கேளுங்கள். காலி நாற்காலி இருந்தால் விடுவார்கள்.

ஏழாம் படி: பினாங்கிலிருந்து எங்கே போகலாம்

விரிவுரையாளர் பதவி ஒன்றுதான் வெற்றி என்ற எண்ணத்தை முதலில் கீழே வையுங்கள். இடங்கள் குறைவு, வரிசை நீளம். வேண்டும் என்றால் முயலுங்கள், ஆனால் இரண்டாவது வழியையும் திறந்து வைத்துக்கொண்டு முயலுங்கள்.

அரசு ஆராய்ச்சி அதிகாரிப் பணி ஒரு வழி. முன்பு கியூ 41 என்று சொன்ன தரம், 2024 டிசம்பர் 1-இல் புதிய சம்பள முறை வந்த பிறகு கியூ 9. மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம், வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டி, செம்பனை எண்ணெய் வாரியம் எல்லாம் ஆய்வாளர்களை எடுப்பவை. எஸ்.பி.எம்மில் மலாய் மொழியில் கிரெடிட் இல்லாமல் நிரந்தர அரசுப் பணிக்குள் போக முடியாது. இல்லாதவர்கள் அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடி எழுதுங்கள். முனைவர் பட்டம் வாங்கிய பிறகு எஸ்.பி.எம் எழுதுவதா என்று வெட்கப்பட்டு, நல்ல வாய்ப்பை இழந்தவரை எனக்குத் தெரியும்.

பத்து மாவுங் பக்கம் போனால் மீன்வள ஆராய்ச்சிக் கழகமும், உலக அளவில் இயங்கும் மீன்வள ஆய்வு அமைப்பான வேர்ல்ட்ஃபிஷின் தலைமையகமும் அருகருகே இருக்கின்றன. கடல், உணவு, சமூகப் பொருளாதாரம் படித்தவர்கள் இரண்டின் வேலை அறிவிப்புகளையும் மாதம் ஒருமுறை பாருங்கள்.

பாயான் லெப்பாஸ் தனிக் கதை. 1972-இல் தொடங்கிய தடையற்ற தொழிற்பேட்டை அது. இன்டெல் அதே ஆண்டில் வந்தது. நம் வீடுகளில் அம்மாவும் அத்தையும் ஷிப்ட் பஸ் ஏறிப் போன இடம் என்பதால் பிள்ளைகள் அதை "ஃபேக்டரி" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று அங்கே பழுதுக் காரணம் கண்டறியும் லேப்கள், பொருளறிவியல் குழுக்கள், தரவுக் குழுக்கள் இருக்கின்றன. வளாகத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் மாதிரி பார்த்தவர், அங்கே சிப் ஏன் பழுதானது என்று பார்க்கிறார். கருவி ஒன்றே, கேள்வி வேறு, நேரம் மிகக் குறைவு. மொழியும் வேறு: 8டி அறிக்கை (சிக்கலை எட்டுப் படியில் தீர்த்த அறிக்கை), எஸ்.பி.சி (புள்ளியியல் வழி உற்பத்திக் கட்டுப்பாடு), எஃப்.எம்.இ.ஏ (எது எப்படிப் பழுதாகலாம் என்ற முன் பகுப்பாய்வு), டி.ஓ.இ (சோதனை வடிவமைப்பு). புள்ளியியலில் சோதனை வடிவமைப்புப் படித்தவருக்கு டி.ஓ.இ ஏற்கெனவே தெரியும், அந்தப் பெயரில் சொல்லத்தான் தெரியாது. நேர்முகத்துக்கு முன் இந்த நான்கையும் படித்துவிட்டுப் போங்கள்.

மருத்துவப் பக்கம் இருப்பவர்கள், 2012-இல் சுகாதார அமைச்சின் கீழ் தொடங்கிய கிளினிக்கல் ரிசர்ச் மலேசியாவைப் பாருங்கள். மருத்துவமனைகளில் ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வேலை உண்டு. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் ஒப்புதல் படிவத்தை விளக்கத் தெரிந்த ஆள் அங்கே மிகவும் தேவை, இதை விண்ணப்பத்தில் தயங்காமல் எழுதுங்கள். சமூகவியல், வரலாறு, மொழி படித்தவர்களுக்கு ஜார்ஜ்டவுனிலேயே வாசல் உண்டு. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய நகரம் அது. மரபுப் பாதுகாப்பு அமைப்புகளும் பினாங்கு இன்ஸ்டிடியூட் போன்ற ஆய்வு நிறுவனங்களும் களப்பணி தெரிந்தவர்களைத் தேடுகின்றன. தமிழும் மலாயும் ஆங்கிலமும் எழுதத் தெரிந்தவர் என்பது அங்கே கூடுதல் பலம்.

எட்டாம் படி: இரண்டு விண்ணப்பம் வைத்திருங்கள்

பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, நீளமாக, கட்டுரைகளோடு. வெளிக்கு ஒன்று, இரண்டு பக்கத்தில், வேலைகளோடு. "பேராசிரியரின் திட்டத்தில் ஆய்வக வேலைகளுக்கு உதவினேன்" என்று எழுதாதீர்கள். "18 மாதத்தில் 400 ரத்த மாதிரிகளைப் பதிவு செய்து, பிரித்து, சேமித்து, பதிவேட்டைப் பிழையின்றி வைத்திருந்தேன்; மூன்று மாணவருக்கு அதே முறையைப் பயிற்றுவித்தேன்" என்பதுபோல, உங்கள் நோட்டில் இருக்கும் உண்மையான எண்ணைப் போட்டு எழுதுங்கள். பணிவு நமக்குப் பழக்கிய குணம். ஆனால் விண்ணப்பத்தில் "உதவினேன்" என்று எழுதினால் படிப்பவர் உதவினார் என்றே எடுத்துக்கொள்வார்.

பரிந்துரைக்கு மூன்று பேர்: உங்கள் பேராசிரியர், உங்கள் வேலையை நேரில் பார்த்த இன்னொரு கல்வியாளர், வளாகத்துக்கு வெளியே ஒருவர். மூன்றாமவர் கிடைப்பதுதான் சிரமம். கருவி நிறுவனத்தின் பொறியாளர், கூட்டு ஆய்வு செய்த மருத்துவமனை அதிகாரி யாராகவும் இருக்கலாம். கேட்காமல் பெயரைப் போடாதீர்கள்.

இதையெல்லாம் தனியாகச் செய்ய முடியாது. நாங்கள் நான்கு பேர், நான்கு வெவ்வேறு லேப், மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அதே சுங்கை டுவா மேசையில் ஒருவர் விண்ணப்பத்தை மற்ற மூவரும் பேனாவோடு படித்தோம். என் மூன்றாவது கடிதம் கிடைத்ததற்குக் காரணம் அந்த மேசையில் ஓர் அக்கா அடித்துத் திருத்திய இரண்டாம் பக்கம்.

ஒன்பதாம் படி: வெளியேறும் மாதம்

தரவு பல்கலைக்கழகத்தின் சொத்து. நோயாளிகள் விவரம் இருக்கும் கோப்பு எதையும் சொந்த டிரைவில் நகலெடுக்காதீர்கள். உங்கள் கட்டுரைக்குத் தேவையான பகுதிக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பல்கலைக்கழக மேகக் கணக்கில் கிடக்கும் சொந்தச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, வருமான வரிக்கான இ.ஏ படிவம் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள், மின்னஞ்சல் நிற்கும் நாளில் எல்லாம் சேர்ந்து நின்றுவிடும். நடந்துகொண்டிருக்கும் கட்டுரைகளின் தொடர்பு முகவரியையும் மாற்றுங்கள். பணிச் சான்றுக் கடிதத்தைப் பதவி, தேதி, செய்த வேலை மூன்றும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்.

பிறகு லேப் நோட்டுகளுக்குப் பொருளடக்கம் எழுதுங்கள். மைனஸ் 80 ஃப்ரீசரில் எந்தத் தட்டில் எந்தப் பெட்டி, எந்த மாதிரி யாருடையது, எந்தக் கருவியின் சர்வீஸ் எப்போது, எந்த விற்பனையாளரைக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு பக்கத்தில் எழுதி, ஒரு பிரதியைப் பேராசிரியரிடமும் ஒரு பிரதியை அடுத்து வரப்போகும் ஆர்.ஏவுக்காக மேசை இழுப்பறையிலும் வையுங்கள். அடியில் உங்கள் சொந்தத் தொலைபேசி எண்ணைப் போடுங்கள். புதிதாக வருபவர் கட்டாயம் கூப்பிடுவார். முதலில் ஃப்ரீசரைப் பற்றிக் கேட்பார். அதைச் சொல்லி முடித்ததும், அவருடைய கடிதத்தில் எந்தத் தேதி போட்டிருக்கிறது என்று நீங்கள் கேளுங்கள்.